ஒன்பதாவது ஊர்

செவூசே நோங்கோ இருபத்தாறு வருடம் அரசாங்க டைப்பிஸ்டாக இருந்தவள். அடித்த காகிதத்தை மறக்கவே மாட்டாள். மற்ற டைப்பிஸ்டுகள் கண்ணில் வாங்கி விரலில் விட்டுவிடுவார்கள், நடுவில் தலைக்கு வேலை இருக்காது. செவூசேவுக்கு அது வராது. பணிமாற்ற உத்தரவு, டெண்டர் அறிவிப்பு, யாரோ ஒரு டிரைவர் செத்ததற்கு இரங்கல் கடிதம் என்று எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். "உங்கம்மா தலைக்குள்ள ஒரு பீரோ இருக்கு, சாவியத் தொலைச்சிட்டா," என்று அவள் கணவன் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிப்பான். அவன் பள்ளிக்கூட வாத்தியார். சம்பளம் வராத மாதங்களிலும் சிரிக்கத் தெரிந்தவன்.

அந்த பீரோவில் ஒரு காகிதம் மட்டும் எப்போதும் மேலாகக் கிடந்தது. நைஜீரியாவில் ராணுவ ஆட்சி முடியப் போகிற சமயத்தில், மாநிலத்தின் தண்ணீர்த் துறை அலுவலகத்தில் அவள் அடித்தது. பன்னிரண்டு ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டி அடிபம்பு போடுவதற்கான ஒப்பந்தம். முதலில் ஒப்பந்தம் வந்தது. பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை வந்தது. நாற்பது சதவீதம் முடிந்தது என்றது ஒன்று, எழுபது சதவீதம் என்றது அடுத்தது. கடைசி அறிக்கையில் பன்னிரண்டும் முடிந்துவிட்டன, தண்ணீர் தெளிவாக வருகிறது, மக்கள் நன்றியோடு இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பன்னிரண்டு ஊர்ப் பெயரையும் அடிக்க வேண்டும். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி அவளுக்கு அது வரிசையாக வாயில் ஏறிவிட்டது. ஒன்பதாவது ஊர் சே-உகோ.

அதையெல்லாம் நம்பித்தான் அடித்தாள். மக்கள் நன்றியோடு இருக்கிறார்கள் என்ற வரியை அடிக்கும்போது அவளுக்கே கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.

கடைசி அறிக்கை போன மறுமாதம், கணவனுடன் வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவரின் அம்மா இறந்துபோக, அடக்கத்துக்காகச் செவூசேவும் கணவனும் சே-உகோ போனார்கள். நல்ல வெயில் காலம். ஒரு இளம் பெண் சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் இருந்தது. குடுவை வாயில் கட்டியிருந்த துணியில் என்னவோ நெளிந்தது.

"அடிபம்பு ரிப்பேரா?" என்று செவூசே கேட்டாள்.

"எந்த அடிபம்பு?"

"சர்க்கார் போட்ட போர். போன மாசந்தான் முடிஞ்சது."

அந்தப் பெண் திரும்பி, கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏய், பட்டணத்து அம்மாவுக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு. யாராவது அவங்கள நிழல்ல உட்கார வைங்கடி!"

துக்க வீடு என்றும் பார்க்காமல் எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் பெயர் கஷிமானா. கொடுத்த தண்ணீரை வேண்டாம் என்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. செவூசே கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

திங்கட்கிழமை காலை அவள் நேரே அகேர் சாரின் அறைக்குப் போனாள். அறிக்கைகளைச் சொல்லச் சொல்ல அவளை அடிக்க வைத்தவர் அவர்தான்.

"சார், சே-உகோவுல போரே இல்ல."

அகேர் எழுதுவதை நிறுத்தவில்லை. "மேடம், எந்திரம் கேள்வி கேக்குமா?"

"எந்த எந்திரம் சார்?"

"உங்க மேசை மேல இருக்கே, அது." பிறகு தலையைத் தூக்கிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். குரல் இறங்கியது. "மேல இருக்கிறவங்க பெரிய ஆளுங்க. எனக்கு மூணு பசங்க. உங்களுக்கும் மூணு. போயி வேலையப் பாருங்க."

அவள் போய் வேலையைப் பார்த்தாள். கணவனுக்கு ஏழு மாதச் சம்பளம் பாக்கி இருந்த காலம் அது. இதையெல்லாம் சொல்லித் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அவள் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. ஓய்வு பெறும் வரை அதே மேசையிலேயே இருந்தாள்.

கணவன் காலமான பிறகு அவள் மாநிலத் தலைநகரை விட்டு, அவன் பிறந்த சிறு ஊரான அஷிவேக்கு வந்தாள். வட்டார மன்ற அலுவலகத்துக்கு எதிரே ஒரு அறை எடுத்து, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன் போடும் பெட்டி, வாசலில் ஒரு ஜெனரேட்டர் என்று கடை போட்டாள். வேலைக்கு விண்ணப்பம், நில ஒப்பந்தம், கல்யாணப் பத்திரிகை, சாவு நிகழ்ச்சி நிரல் என்று என்ன எழுதிக்கொண்டு வந்தாலும் திருத்திவிட்டுத்தான் அடிப்பாள். "நான் எழுதினதையே அடிச்சுக் குடுங்கம்மா," என்று யாராவது சொன்னால், "உன் தப்ப நீ வீட்டுல வெச்சுக்கோ. என் கடையிலேர்ந்து தப்பு வெளிய போகாது," என்பாள். அதற்காகவே நாலு ஊருக்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். மத்தியானம் எதிர்க்கடையிலிருந்து இடித்த கிழங்கும் எள்ளுக் குழம்பும் வரும். மகள் நுனான் லாகோஸிலிருந்து தினமும் போன் பண்ணி, "இங்க வந்து என் கூட இரும்மா," என்பாள். "உன் வீட்டுல எனக்கு என்ன வேலை, டிவி பாக்கவா?" என்று இவள் கேட்பாள்.

அகேரும் ஓய்வு பெற்று அஷிவேயிலேயே இருந்தார். பென்ஷன் காகிதம் ஜெராக்ஸ் எடுக்க வருவார். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவார்கள், முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள். வேறு எதையும் பேசியதில்லை.

ரேடியோவில் செய்தி வந்தது ஒரு ஏப்ரல் மாதம். ராணுவ ஆட்சிக் காலத்து அதிகாரி ஒருவர் அந்தக் கிணற்றுப் பணத்தில் வெளிநாட்டில் வாங்கிப் போட்டிருந்த வீடுகளை அங்கத்திய கோர்ட் பறிமுதல் செய்து விற்றுவிட்டது, நைஜீரியாவுக்கே பணத்தைத் திருப்பித் தரப் போகிறது. எந்த வேலைக்கு என்று சொல்லித் திருடப்பட்டதோ அதே வேலைக்குத்தான் செலவு செய்ய வேண்டும், பொதுமக்கள் கூட இருந்து பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

கடையில் நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "ஒரு தடவ திருடினது போதாதுன்னு ரெண்டாவது தடவ திருட அனுப்புறாங்க," என்றான் ஒருவன். "போன தடவ திருடினவனுக்காவது ப்ளேன் டிக்கெட் செலவு ஆச்சு. இப்ப வீட்டுக்கே கொண்டாந்து குடுக்கிறாங்க," என்றான் இன்னொருவன். செவூசே சிரிக்கவில்லை. ஜெராக்ஸ் மிஷினின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

மே மாதத்தில் ஒரு காலை, முதுகுப்பையோடு முப்பது வயதுப் பெண் ஒருத்தி கடைக்குள் வந்தாள். பெயர் ஒச்சான்யா. திரும்பி வரும் திருட்டுப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்க்கும் ஒரு அமைப்பில், அபுஜாவில் வேலை. மறுவாரம் மன்றத்தில் பொதுக்கூட்டம் இருந்தது. அதற்கு நாற்பது பிரதி வேண்டும் என்று ஒரு கட்டைக் கொடுத்தாள்.

"பேச்சப் பாத்தா பக்கத்து இனம், இடோமாப் பொண்ணு மாதிரி இருக்கு," என்றாள் செவூசே. "உங்க ஊர்ல ஜெராக்ஸ் மிஷின் கிடையாதா?"

"இருக்கு மம்மி. ஆனா திட்டிக்கிட்டே எடுத்துக் குடுக்க உங்க தீவ் இனத்து அம்மா கிடைக்க மாட்டாங்களே. உங்களப் பத்தி ஊரே சொல்லுது."

செவூசேவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. முதல் தாளை மிஷினில் கவிழ்த்தவள், இரண்டாவது தாளைக் கவிழ்க்கப் போய் நிறுத்திக்கொண்டாள். அது ஊர்ப் பட்டியல். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, உதடு அசைய மேலிருந்து கீழே படித்தாள். எட்டாவது வரை சரியாக இருந்தது.

"இது தப்பு."

"எது மம்மி?"

"ஒன்பதாவது. கும்பே நகர்னு போட்டிருக்கு. அந்தப் பேர்ல அப்ப ஊரே கிடையாது. ஒன்பதாவது சே-உகோ."

"மன்றத்துலேர்ந்து குடுத்த லிஸ்ட் இது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செவூசே தாளை மேசைமேல் வைத்தாள். ஜெனரேட்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வெளியே போய் அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நான்தான் அடிச்சேன்," என்றாள். "முதல் ஒப்பந்தத்துலேர்ந்து கடைசிப் பொய் வரைக்கும் நான்தான் அடிச்சேன்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக முழுக்கச் சொன்னாள். ஒச்சான்யா கேட்டு முடித்ததும், கும்பே நகர் என்பது எது என்று மட்டும் கேட்டாள். அது மன்றத் தலைவர் தெர்கூலாவின் குடும்பம் மனை பிரித்து விற்றுக்கொண்டிருக்கிற இடம். அஷிவேயில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வசதி உண்டு என்று போர்டு வைத்தால் மனைக்கு இன்னும் விலை ஏறும்.

"உங்க ஞாபகத்த நான் நம்புறேன். கூட்டத்துல நம்ப மாட்டாங்க. காகிதம் வேணும்," என்றாள் ஒச்சான்யா.

"அலுவலகத்துல தேடாத. ஆட்சி மாறினப்பவே பழைய ஃபைல் எல்லாத்தையும் எரிச்சிட்டாங்க. நான்தான் பாத்தேனே."

ஒச்சான்யா கொஞ்சம் யோசித்தாள். "இங்க எரிச்சிருக்கலாம். அங்க கோர்ட்டுல கேஸ் நடந்திருக்கே. திருட்டுன்னு நிரூபிக்க எதையாவது காட்டித்தானே ஆகணும்?"

அன்றே அந்தக் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினாள். செவூசே அதில் இரண்டு இடத்தைத் திருத்திக் கொடுத்தாள்.

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் இருவரும் சே-உகோ போனார்கள். பைக் டாக்ஸியில் ஒருவர் பின்னால் ஒருவர், ஒன்றரை மணி நேரம். கஷிமானாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தலை நரைத்திருந்தது, குரல் அதே குரல். குட்டையிலிருந்து வந்து தலையில் இருந்த அலுமினியத் தவலையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓ, போர் கேட்ட பட்டணத்து அம்மா!" என்றாள் அவள், முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு. "உங்கள நாங்க மறக்கல. இங்க எவளாவது இல்லாததக் கேட்டா, இவளுக்கும் போர் வேணுமாம்னு இன்னிக்கும் சொல்லுவோம்."

செவூசே சிரிக்க முயன்றாள், முடியவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டாள். காகிதத்தில் இந்த ஊருக்குக் கிணறு இருந்தது. தண்ணீர் வருகிறது, நீங்கள் நன்றியோடு இருக்கிறீர்கள் என்று அடித்தது தன் கை. பொய் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

கஷிமானா தவலையைத் தரையில் வைத்தாள். பிறகு குடிசைப் பக்கம் பார்த்து, "டூஃபான்!" என்று கூப்பிட்டாள். அவளுடைய முப்பது வயது மகள் வந்தாள். நடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அந்தத் தண்ணியில புழு இருந்துச்சு. இவ காலுக்குள்ள வந்துச்சு. ரெண்டு மழைக்காலம் இவ நடக்கல, முதுகுல தூக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க அடிச்ச வருஷந்தான்."

ஒச்சான்யா தரையைப் பார்த்தாள். செவூசே டூஃபானின் காலைப் பார்த்தாள், பார்க்காமல் இருக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"மன்னிக்கணும்னு கேக்க வரல," என்றாள் மெதுவாக. "கேக்குற தகுதியும் இல்ல. இப்ப பணம் திரும்பி வருது. உங்க ஊர் பேரத் தூக்கிட்டாங்க. அத மறுபடி போட வைக்கணும். கூட்டத்துக்கு வாங்க."

கஷிமானா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கோபம் வருது. வராமயா இருக்கும்? ஆனா வெறும் வயித்துல கோபப்பட எனக்குத் தெம்பு இல்ல. உட்காருங்க, கிழங்கு வெந்திடுச்சு. தின்னுட்டு எந்தக் கூட்டம், எப்பன்னு சொல்லுங்க."

சூடான பனை எண்ணெய் ஊற்றிய கிழங்கை மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். டூஃபான் எதிரே உட்கார்ந்து, வெளிநாட்டில் ஒரு வீட்டை எப்படி விற்பார்கள், அதற்குள் இருந்த கட்டில் நாற்காலி எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒச்சான்யாவுக்குப் பாதிதான் பதில் தெரிந்தது.

பொதுக்கூட்டத்தை மழை காரணமாக இரண்டு வாரம் தள்ளி வைத்தார்கள். அது செவூசேவின் நல்ல காலம். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் ஒச்சான்யாவின் ஈமெயிலுக்குக் கோர்ட் சாட்சி ஆவணங்கள் வந்தன. செவூசேவின் கடையில், அவளுடைய பிரிண்டரிலேயே எடுத்தார்கள். தாள் வெளியே வர வர, அவளுக்குத் தன் பழைய டைப்ரைட்டர் அடையாளம் தெரிந்தது. அதில் இங்கிலீஷ் 'இ' எழுத்து எப்போதும் அரை நூல் மேலே ஏறி விழும். ஒன்பதாவது வரி: சே-உகோ. கடைசிப் பக்கத்தின் அடியில், இடது ஓரத்தில், சொன்னவர் பெயரெழுத்தும் அடித்தவர் பெயரெழுத்தும் வழக்கம்போல் இருந்தன. அகேருக்குப் பெரிய எழுத்து, ஒரு சாய்கோடு, பிறகு சின்ன எழுத்தில் எஸ்.என்.

"இது நான்," என்றாள் செவூசே, விரலை வைத்து.

"மம்மி, இதக் கூட்டத்துல காட்டினா உங்க பேரும் வெளிய வரும்."

"வரட்டும். அடிச்சப்ப மட்டும் இருந்த பேரு இப்ப எங்க போகும்?"

அகேரிடம் சொல்லாமல் இருப்பது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய்ப் பிரதியைக் காட்டினாள். அவர் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாதவர். ஆனாலும் தாளைக் கையில் வாங்கியதும் அது என்ன என்று தெரிந்துகொண்டார்.

"இந்த வயசுல எனக்கு இது எதுக்கு?" என்றார்.

"சார், நீங்க ஒரு காசு எடுக்கலன்னு எனக்குத் தெரியும். உங்க பசங்க ஃபீஸுக்கு என் வீட்டுக்காரர்கிட்டதான் கடன் வாங்கினீங்க. நான் அதையும் சொல்லுவேன்."

"சொல்ல வேண்டாம். எதையுமே சொல்ல வேண்டாம், மேடம்." அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

கூட்டம் மன்ற வளாகத்தில், பந்தல் போட்டு நடந்தது. பன்னிரண்டு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசைக்கு மால்ட் பானமும் பின்வரிசைக்குப் பாக்கெட் தண்ணீரும் கொடுத்தார்கள். சே-உகோவிலிருந்து கருப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி உடுத்திக்கொண்டு பதினேழு பெண்கள், கஷிமானா தலைமையில். பட்டியலில் இல்லாத ஊர் என்று வாசலில் நிறுத்தியதற்கு, "நாங்க தண்ணி கேட்டு வரல, பாக்கெட் தண்ணி குடிக்க வந்திருக்கோம்," என்று சொல்லிவிட்டு உள்ளே புகுந்திருந்தார்கள்.

தலைவர் தெர்கூலா பட்டியலைப் படித்தார். கைதட்டினார்கள். கேள்வி இருக்கிறதா என்றார். செவூசே எழுந்தாள்.

"தலைவரே, ஒன்பதாவது ஊர் சே-உகோ."

"யாரு, நம்ம ஜெராக்ஸ் அம்மாவா?" தெர்கூலா சிரித்தார். "அம்மா, உங்களுக்கு இதுல என்ன? பேப்பர் தீந்திடுச்சுன்னா சொல்லுங்க, வாங்கித் தர்றோம்."

முன்வரிசை சிரித்தது. செவூசே பன்னிரண்டு ஊர்ப் பெயரையும் வரிசையாகச் சொன்னாள், எதையும் பார்க்காமல். ஒவ்வொரு பெயருக்கும் அந்தந்த ஊர்க்காரர்கள் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒன்பதாவதுக்குப் பதினேழு பெண்களும் சேர்ந்து கத்தினார்கள்.

"ஞாபகம் நல்லாத்தான் இருக்கு," என்றார் தெர்கூலா. "ஆனா வாயால சொன்னா சட்டத்துல நிக்காது."

ஒச்சான்யா எழுந்து கோர்ட் பிரதிகளை வரிசை வரிசையாகக் கொடுத்தாள். தலைவர் தன் பிரதியைப் படித்தார். நெற்றியைத் துடைத்தார். "ஓ, இதுவா. இது ஒரு டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும். லிஸ்ட அடிக்கும்போது மாறியிருக்கும்."

"தலைவரே, நான் இருபத்தாறு வருஷம் டைப்பிஸ்ட்," என்றாள் செவூசே. "டைப்பிங் மிஸ்டேக் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு எழுத்து மாறும். ரெண்டு எழுத்து மாறும். ஒரு ஊரே எழுந்து நடந்து போயி உங்க மனையில உட்காராது."

பந்தல் அதிர்ந்தது. முன்வரிசையில் ஒருவர் மால்ட்டை மூக்கால் விட்டுவிட்டார். தெர்கூலாவின் முகம் மாறியது. தாளைப் புரட்டிக் கடைசிப் பக்கத்தை எடுத்தார்.

"அடியில எஸ்.என்.னு இருக்கே. செவூசே நோங்கோ. அது நீங்கதானே? அப்ப அந்தத் திருட்டுல உங்களுக்கும் பங்கு இருக்குன்னு எடுத்துக்கலாமா?"

செவூசே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"பணத்துல பங்கு இல்ல. கை என்னோடதுதான். தெரிஞ்சும் பேசாம இருந்தேன், அதுவும் நான்தான். அந்த வருஷம் சே-உகோவுல ஒரு குழந்த தண்ணியால நடக்க முடியாம கிடந்துச்சு. அதனாலதான் இப்ப எந்திரிச்சு நிக்கிறேன். அப்ப பேசாதவ இப்பவும் பேசாம இருக்கணுமா?"

பின்வரிசையிலிருந்து கஷிமானாவின் குரல் வந்தது. "நிக்கட்டும். அவங்க எங்க வீட்டுல சாப்பிட்டவங்க. அவங்கள நாங்க கேட்டுக்கிறோம். நீங்க தண்ணிக்குப் பதில் சொல்லுங்க!"

அடுத்த பத்து நிமிடத்தில் தெர்கூலா பட்டியலைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு ஊரும் பார்த்துக்கொண்டிருந்தது, அபுஜாவிலிருந்து வந்த ஒரு நிருபர் படம் எடுத்துக்கொண்டிருந்தார், வேறு வழி இல்லை. கையோடு, பொதுமக்கள் தரப்பில் மேற்பார்வை செய்ய ஒரு ஆள் வேண்டும் என்று ஒச்சான்யா கேட்டாள். பன்னிரண்டு ஊரும் ஒரே பெயரைச் சொன்னது.

மழை நின்று தரை இறுகிய பிறகு துளையிடும் வண்டி வந்தது. மற்ற ஊர்களில் வேலை சிக்கலில்லாமல் நடந்தது. சே-உகோவில்தான் சோதனை. ஊருக்கு முன்னால் உள்ள ஓடையில் வண்டி முன்சக்கரம் வரை புதைந்துவிட்டது. ஊரே திரண்டு மரம் வெட்டிப் போட்டு, கயிறு கட்டி, பாட்டுப் பாடி இழுத்தது. அப்படி இழுத்து வந்து தோண்டிய முதல் குழி அறுபது மீட்டர் போயும் வெறும் கல்தூள்தான் கக்கியது.

துளையிடும் கம்பெனியின் எஞ்சினியர் எக்போ, கலபார் பக்கத்துக்காரன், கையைத் துடைத்தான். "அம்மா, எங்க வேலை முடிஞ்சது. குழி போட்டாச்சு. தண்ணி இல்லைன்னா அது பூமியோட தப்பு."

செவூசே பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தாள். பக்கம் பதினான்கைத் தேடவேண்டியிருக்கவில்லை. "இங்க பாரு தம்பி. தண்ணி தரும் கிணறுன்னு எழுதியிருக்கு. குழின்னு எழுதல. தண்ணி வந்தாத்தான் உங்க பில்லுல நான் கையெழுத்துப் போடுவேன்."

"நீங்க வக்கீலா?"

"டைப்பிஸ்ட்."

எக்போ தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவன் இல்லை, வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவன். அளவெடுக்கும் கருவியைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஊரைச் சுற்றினான். மூன்றாம் நாள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த எள்ளு வயல் ஓரத்தில் துளை போட்டான். நாற்பது மீட்டரில் கல். நாற்பத்தெட்டில் ஈரம். ஐம்பத்திரண்டு மீட்டரில் குழாய் ஒரு தடவை இருமியது. பிறகு சேறு பீறிட்டு எக்போவின் வெள்ளைத் தொப்பியில் விழுந்தது. பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். அரை மணி நேரத்தில் சேறு கலங்கல் ஆனது, கலங்கல் தெளிந்தது. கஷிமானா ஒரு சுரைக்குடுவையில் பிடித்து, வாயில் துணி கட்டாமல், முதலில் டூஃபானுக்குக் கொடுத்தாள். அவள் குடித்துவிட்டுச் செவூசேவிடம் நீட்டினாள்.

செவூசே குடித்தாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டுதான் குடித்தாள். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். அவளை யாரும் தேற்றவில்லை, எல்லோரும் குடம் தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அகேர் ஐந்து மாதம் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் பென்ஷன் அட்டையை லேமினேஷன் போட வந்தார். கிளம்பும்போது, "சே-உகோவுல தண்ணி நல்லா வருதாமே?" என்று கேட்டார். "வருது சார்," என்றாள். "போயிப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் போகவில்லை.

மேற்பார்வை வேலை கிணறு தோண்டியதோடு முடியவில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரம் செவூசே கடையைப் பூட்டிவிட்டு, பைக் டாக்ஸியில் பன்னிரண்டு ஊரையும் சுற்றி வருகிறாள். எந்தப் பம்பு ஓடுகிறது, எது ஓடவில்லை, யார் யாரோடு வரிசையில் சண்டை போட்டார்கள் என்று எழுதி ஒச்சான்யாவுக்கு அனுப்புகிறாள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு ஊரில் ஆடுகள் தொட்டியை உடைத்தன. இன்னொரு ஊரில் ஊர்த்தலைவன் பம்புக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான், அவன் மனைவியே அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். சே-உகோவில் டூஃபான் பம்பைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். இப்போது மற்ற ஊர்களுக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள், போக வரப் பைக் செலவும் கூலியும் கொடுத்து.

போன மாதம் நான்காவது ஊரில் பம்பின் கைப்பிடி முறிந்தது. வடக்கிலிருந்து வரும் வறண்ட ஹர்மட்டான் காற்றில் புழுதி பறக்க, டூஃபான் முன்னால், ஸ்பேனர் பையோடு செவூசே பின்னால் உட்கார்ந்து ஒரே பைக்கில் போய்க்கொண்டிருந்தபோது நுனான் போன் பண்ணினாள்.

"எங்கம்மா இருக்க? ஒரே காத்துச் சத்தமா இருக்கு?"

"ரோட்டுல. நாலாவது ஊருக்குப் போறேன்."

"அறுபத்தஞ்சு வயசுல ஒகாடா பைக் பின்னாடியா! இந்த வருஷமாவது கிறிஸ்துமஸுக்கு லாகோஸ் வருவியா, மாட்டியா?"

"வர்றேன், வர்றேன். ஒரு வாரம். அதுக்கு மேல இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஏண்டி டூஃபான், பள்ளம் வருது, ஓட்டுறவன்கிட்டச் சொல்லு!"

பள்ளத்தில் பைக் எகிறியது. டூஃபான் சிரித்தாள், ஓட்டியவன் சிரித்தான். செவூசே ஒரு கையால் போனையும் இன்னொரு கையால் ஸ்பேனர் பையையும் பிடித்துக்கொண்டு, விழாமல் இருந்ததற்குக் கடவுளுக்கு உரக்க நன்றி சொன்னாள்.